விடுமுறையில் மலாக்கா



பள்ளி விடுமுறை நெருங்கினால் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், இந்த வருஷம் எங்கே போறோம்?" இன்றைய பேச்சில் நம் நாட்டின் தென்பகுதி மாநிலமான மலாக்காவுக்கு ஒரு குடும்பம் எவ்வாறு திட்டமிட்டுப் போய்வரலாம், போனால் எதை முதலில் பார்க்கலாம் என்பதைப் பற்றிப் பேசுவோம். மலாக்காவில் பழைய கட்டடங்கள் இருக்கின்றன, கடற்கரை இருக்கிறது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் திட்டமில்லாமல் போனால் இரண்டையும் பார்த்தும் பாராதவராகத் திரும்பி வருவோம். இதை நாங்கள் பட்டே அறிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பஸ் பிடித்து மலாக்காவுக்குப் போனோம். வழியில் பசியாற நிறுத்தினோம். பிறகு ஒரு கடையில் நிறுத்தினோம். போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். குன்றின் படிகளில் ஏறுவதற்குள் சின்னப் பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். கோட்டை வாயிலின் முன் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். கடலைப் பார்க்கப் போனால் நீர் வற்றி, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சேறுதான் தெரிந்தது. மறுவாரம் "நான் சென்ற சுற்றுலா" என்று கட்டுரை எழுதச் சொன்னோம். பெரும்பாலான பிள்ளைகள் செண்டோல் குடித்ததைப் பற்றி எழுதினார்கள். அதில் குற்றமில்லை, மலாக்காச் செண்டோல் எழுதத்தக்கதுதான். ஆனால் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கட்டுரையின் கடைசியில் ஒரு கேள்வி எழுதியிருந்தாள். ஒரு பள்ளிவாசலின் பலகையில் "கம்போங் கெலிங்" என்று இருந்ததாம். "அது நம்மைத் திட்டும் சொல் அல்லவா? அதைப் போய் ஏன் தொழுகை செய்யும் இடத்துக்குப் பெயராக வைத்தார்கள்?" என்பது அவள் கேள்வி.

அன்று எங்களிடம் சரியான விடை இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மலாக்கா வரலாற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள்தாம் நாங்கள். சுல்தான்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வோம். அந்தச் சிறுமிக்குச் சொல்ல மட்டும் ஒன்றும் இல்லை. அதன் பிறகு படித்தோம். மீண்டும் இருமுறை போய்வந்தோம். அந்த அனுபவத்தில்தான் இதைச் சொல்கிறோம்.

முதலில் செலவு. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து மாதாமாதம் ஒரு சிறு தொகையைச் சீட்டுப் போல் ஒதுக்கி வைத்தால், ஒரு வேன் வாடகைக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள், புளிச்சோறு மதியம்வரை கெடாது. பெரட்டுக்கு எழுந்து பழகிய நமக்கு விடியற்காலையில் புறப்படுவது பெரிய காரியமன்று. வெயில் ஏறுமுன் ஊருக்குள் இருக்க வேண்டும். முடியுமானால் இரண்டு நாள் ஒதுக்குங்கள்: ஒரு நாள் பழைய ஊருக்கு, ஒரு நாள் கடற்கரைக்கு.

ரயிலில் போகலாமே என்று சிலர் கேட்பதுண்டு. ரயில் தம்பினுக்கு அருகிலுள்ள பூலாவ் செபாங்கோடு நின்றுவிடும். அங்கிருந்து பஸ் ஏற வேண்டும். முன்பு மலாக்கா நகருக்கே ஒரு கிளைப்பாதை இருந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அதே பாதைக்குத்தான் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களையும் கொண்டுபோனார்கள். போனவர்களில் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். உங்கள் குடும்பத்திலும் "சயாமுக்குப் போன தாத்தா" ஒருவர் இருக்கக்கூடும். பூலாவ் செபாங்கில் இறங்கி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

மலாக்காவில் பெரும்பாலோர் கோட்டை வாயிலிலிருந்து பார்க்கத் தொடங்குவார்கள். எங்கள் யோசனை வேறு. ஆற்றுப் பாலத்திலிருந்து தொடங்குங்கள். மலாக்காவின் கதை கடலிலிருந்து ஆற்றுக்குள் வந்த கதை.

சுமத்திராவின் பலெம்பாங்கைச் சேர்ந்த பரமேஸ்வரா என்னும் இளவரசர், சிங்கப்பூராகிய தெமாசிக்கிலிருந்து தப்பி வந்து 1400-ஆம் ஆண்டளவில் இந்த ஆற்றின் கரையில் ஊரை அமைத்தார். வேட்டை நாயைச் சருகுமான் உதைத்துத் தள்ளிய கதை பாடநூலில் இருக்கிறது. அவர் அப்போது சாய்ந்து நின்ற மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்தார் என்பார்கள். அந்த மலாக்கா மரம் என்ன மரம் தெரியுமா? நம் நெல்லி மரமேதான். நெல்லிக்காய் ஊறுகாய் போடும் நம் பாட்டிமார் மலாக்காவின் பெயரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

ஊர் வளர்ந்ததற்குக் காற்று ஒரு காரணம். தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்கிலிருந்து, அதாவது குஜராத், சோழமண்டலக் கரை, வங்காளம் முதலிய இடங்களிலிருந்து கப்பல்கள் வந்தன. வடகிழக்குப் பருவக்காற்றில் சீனாவிலிருந்து வந்தன. வந்தவர்கள் திரும்பிப் போகக் காற்று மாறும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்த மாதங்களில் சரக்கு கைமாறியது, குடும்பங்களும் உண்டாயின. பழவேற்காடு, நாகப்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து நம்மவர் துணி கொண்டுவந்தார்கள். திரும்பும்போது மொலுக்காஸ் தீவுகளின் கிராம்பையும் பண்டாத் தீவின் ஜாதிக்காயையும் கொண்டுபோனார்கள். வணிகர்களைக் கவனிக்க ஷாபண்டார் என்னும் துறைமுகத் தலைவர்கள் நால்வர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் சோழமண்டலக் கரையாருக்கும் வங்காளம், பெகு, பாசாய் வணிகருக்கும் பொறுப்பானவர். 1512 முதல் 1515 வரை இங்கே தங்கிய தொமே பிரெஸ் என்னும் போர்த்துகீசியர், இந்த ஊரில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்தார். எண்ணிக்கையில் அவர் சற்றுக் கூட்டியிருக்கலாம். ஆயினும் நம் மொழி அவற்றில் முன்வரிசையில் நின்றது உறுதி.

அந்தச் சோழமண்டலக் கரையாரைத்தான் மலாய்க்காரர் "கெலிங்" என்று அழைத்தார்கள். பழைய கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்த சொல் என்பது அறிஞர் பலரின் கருத்து. அக்காலத்தில் குஜராத்தியர், சீனர், ஜாவாக்காரர் என்பது போல அதுவும் ஓர் இனத்தின் பெயர். அதில் இழிவு இல்லை. தோட்டக் கூலிகளாக நம்மவர் வந்து இறங்கிய பிற்காலத்தில், ஏழையைச் சுட்டும் குரலில் அது வசையாகிவிட்டது. இன்று அதை நம் பிள்ளைகள்மேல் எறிபவர்களை நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. அப்படி அழைப்பது தவறு. தவறென்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் பழைய பலகையில் அந்தச் சொல்லைக் காணும் பிள்ளை தலை குனிய வேண்டியதில்லை.

பாலத்தைக் கடந்தால் அந்தப் பலகை உள்ள தெருவுக்கு நடந்தே போகலாம். கம்போங் கெலிங் பள்ளிவாசல் 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் மரத்தால் எழுப்பியது. 1872-இல் செங்கல்லால் மீண்டும் கட்டப்பட்டது. அதற்குக் குவிமாடம் இல்லை. அடுக்கடுக்கான கூரையும், சீனக் கோபுரம் போன்ற மினாராவும் இருக்கும். தொழுகை நேரம் தவிர்த்து, கால் கை மூடிய உடையோடு போய் அனுமதி கேளுங்கள். சில அடி தூரத்திலேயே ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், 1781-ஐச் சேர்ந்தது. டச்சுக்காரர் அரசு மலாக்காச் செட்டி சமூகத் தலைவர் ஒருவருக்குக் கொடுத்த நிலத்தில் எழுந்தது. அதே வட்டாரத்தில் 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் இருக்கிறது. மூன்றையும் காலை வெயில் ஏறுமுன் பார்த்துவிடலாம்.

மலாக்காச் செட்டிகள் என்றால் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் அல்லர். சுல்தான்கள் காலத்திலேயே வந்து, இம்மண்ணின் பெண்களை மணந்து, இங்கேயே தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். காஜா பெராங்கில் அவர்களின் கிராமம் இருக்கிறது. வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் கெபாயா அணிவார்கள். ஆனால் பெயரைக் கேட்டால் பிள்ளை, நாயக்கர், படையாச்சி என்று வரும். பொங்கலும் தீபாவளியும் உண்டு. மாரியம்மனுக்குத் திருவிழாவும் உண்டு. போகிக்கு முன்னோர்க்கு இலை போட்டுப் படைக்கிறார்கள். மொழி போயும் இலை போகவில்லை. எங்களோடு வந்த ஒரு தாத்தா அங்கே ஒரு முதியவரோடு மலாயில் பேசிவிட்டு வந்து, "தமிழே தெரியலே, ஆனா நம்ம வீட்டு ஆள் மாதிரி இருக்காரு" என்றார். நம் பிள்ளைகளின் வாயில் தமிழ் தங்குமா என்று கவலைப்படுகிற நமக்கு அந்தக் கிராமத்தில் யோசிக்க நிறைய இருக்கிறது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒருவர் முன்ஷி அப்துல்லா. மலாய் இலக்கியத்தில் பெரும் பெயர் பெற்றவர். 1796-இல் மலாக்காவில் பிறந்தவர். அரபு வழியும் தமிழ் வழியும் கலந்த குடும்பம். சிறுவயதில் தம்மைத் தந்தை ஓர் ஆசிரியரிடம் அனுப்பித் தமிழ் படிக்க வைத்ததாகத் தம் வரலாற்றில் கூறுகிறார். காரணம், மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழிவழியாக வந்த வழக்கமாம். கணக்குக்கும் வாணிகத்துக்கும் அது வேண்டியிருந்ததாம். நேயர்களே, இதைச் சற்று நினைத்துப் பாருங்கள். தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை எப்படிப் பிழைக்கும் என்று நாம் தயங்குகிறோம். அன்று பிழைப்புக்காகவே ஊரார் தமிழ் படித்தார்கள்.

ஆனால் பெருமை மட்டும் சொல்லிப் பிள்ளைகளை அழைத்து வந்துவிடக்கூடாது. 1509-இல் போர்த்துகீசியர் முதன்முதலாக மலாக்காவுக்கு வந்து, மோதல் ஏற்பட்டு ஓடிப்போனபோது, அவர்களில் சிலர் இங்கே சிறைப்பட்டனர். அவர்களுக்கு மறைவாக உதவியவர் நம் கரையிலிருந்து வந்த ஓர் இந்து வணிகர். போர்த்துகீசிய ஏடுகளில் அவர் பெயர் நைனா சத்து என்று வருகிறது. 1511-இல் அல்புகெர்க் சுமார் 1,200 வீரர்களோடு வந்து ஊரைத் தாக்கினான். முதலில் குறிவைத்தது, நீங்கள் நிற்கும் அந்தப் பாலம் இருந்த இடத்தைத்தான். பாலம் கைக்கு வந்தால் ஊர் இரண்டாகத் துண்டிக்கப்படும். ஆகஸ்டு மாதம் மலாக்கா வீழ்ந்தது. சுல்தான் மாமூட் ஓடிப்போனார். நைனா சத்துவுக்கு முஸ்லிம் அல்லாதார்க்குத் தலைவர் என்னும் பதவி கிடைத்தது. 1514-இல் அதே போர்த்துகீசியர் அப்பதவியைப் பறித்து வேறொருவருக்குக் கொடுத்தனர். அவமானம் தாங்காமல் அவர் சிதை அமைத்துத் தீப்புகுந்தார் என்று அவர்களின் வரலாற்றாசிரியர்களே எழுதியுள்ளனர்.

இவர் துரோகியா? கைதிகளுக்கு இரங்கிய நல்லவரா? கணக்குப் பார்த்த வணிகரா? எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தோம். மணி அடித்த பிறகும் வாதம் ஓயவில்லை. எங்கள் எண்ணம் என்னவென்றால், தன் கடையைக் காப்பாற்ற நினைத்தவர், ஊரைக் காப்பாற்ற நினைக்கவில்லை. ஆட்சி மாறினாலும் தமக்கு இடமிருக்கும் என்று நம்பினார். மூன்று ஆண்டுகளில் அந்த இடமும் போயிற்று.

இனிப் பாலத்தைத் திரும்பக் கடந்தால் சிவப்புக் கட்டடங்கள். 1641-இல் டச்சுக்காரர்கள் ஜோகூரின் துணையோடு போர்த்துகீசியரை விரட்டினார்கள். 1650-ஆம் ஆண்டளவில் எழுந்த ஸ்டாடூஸ் என்பது அவர்களின் ஆளுநர் மாளிகை. பக்கத்தில் உள்ள கிறைஸ்ட் சர்ச் 1753-இல் கட்டி முடிக்கப்பட்டது. முன்பு இவை வெள்ளை நிறம்; சிவப்பு பிற்காலத்தில் வந்தது. உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது. கையில் காசு குறைவாக இருந்தால் வெளியிலிருந்து பார்த்துவிட்டுக் குன்றேறலாம்.

செயின்ட் பால் குன்றின் உச்சியில் கூரையில்லாத தேவாலயம். 1521-இல் சிறு கோயிலாகத் தொடங்கியது. புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் கோவாவுக்குப் போகுமுன் 1553-இல் சில மாதங்கள் இங்கே புதைக்கப்பட்டிருந்தது. அந்தக் குழியை இன்றும் காணலாம். தென் தமிழகத்துக் கடற்கரையில் மீனவர்களிடையே உழைத்த அதே சவேரியார்தாம் இவர். சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் டச்சுக்காரர்களின் கல்லறைக் கற்களைப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள், ஏறி நிற்கவிடாதீர்கள்.

குன்றின் அடிவாரத்தில் சந்தியாகோ வாயில். ஆ ஃபமோசா கோட்டையில் மிஞ்சியது இது ஒன்றுதான் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பிறகு தோண்டியபோது வேறு மதிற்பகுதிகளும் வெளிப்பட்டன. பள்ளிவாசல்களின் கற்களையும் அரசர் கல்லறைக் கற்களையும் எடுத்துக் கட்டிய கோட்டை அது. கல் சுமந்தவர்களில் சுல்தானுக்கு அடிமைகளாயிருந்தவர்களும் அடக்கம்; எசமானர்கள் மாறினார்கள், அவர்கள் சுமை மாறவில்லை. வாயிலின் மேலே பார்த்தால் 1670 என்னும் ஆண்டும் டச்சுக் கம்பெனியின் சின்னமும் தெரியும். போர்த்துகீசியக் கோட்டை என்று படம் எடுத்துக்கொள்ளும் பலர் அண்ணாந்து பார்ப்பதில்லை. முதல் பயணத்தில் நாங்களும் பார்க்கவில்லை. 1807-இல் ஆங்கிலேயர் வெடிமருந்து வைத்துக் கோட்டையைத் தகர்த்தார்கள். சிறுவனாக இருந்த அப்துல்லா அதைக் கண்டு, யானையளவு கற்கள் கடலில் போய் விழுந்ததாகப் பின்னாளில் எழுதினார்.

கடலிலா? பிள்ளைகள் சுற்றிப் பார்ப்பார்கள். கடலைக் காணோம்! ஒரு காலத்தில் இந்த வாயிலுக்கு எதிரேயே அலை அடித்தது. கடலைத் தூர்த்துத் தூர்த்துக் கடைவீதிகள் எழுந்துவிட்டன. எதிரே உள்ள பண்டா ஹிலிர் திடலில்தான் 1956 பிப்ரவரி 20-ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் நாட்டின் விடுதலை நாளை மக்களுக்கு அறிவித்தார். கட்டுச்சோற்றை அவிழ்க்க நிழல் தேடும் நேரமும் அதுவாக இருக்கும். 2008-இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரையும் பினாங்கின் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து உலக மரபிடமாக ஏற்றுக்கொண்டது.

மறுநாள் கடற்கரை. நகருக்குத் தெற்கே உஜோங் பாசிரில் போர்த்துகீசிய வழியினரின் குடியிருப்பு இருக்கிறது. கோட்டை கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் மீன்பிடித்தும், கெராகாவ் என்னும் பொடி இறாலை வலையால் தள்ளி அள்ளியும் வாழ்ந்த இடம். ஜூன் 29-ஆம் நாள் புனித பேதுரு விழாவில் படகுகளை அலங்கரிப்பார்கள். நகருக்கு வடமேற்கே தஞ்சோங் கிளிங். பெயரைப் பாருங்கள், நம்மவரின் முனை. இன்னும் மேலே போனால் தஞ்சோங் பிடாரா, பெங்காலான் பாலாக் கரைகள். அங்கே பாடாங் கெமுந்திங்கில் அழுங்காமைகளின் முட்டைகளைக் காத்துப் பொரிக்கவிடும் நிலையம் உள்ளது.

இந்த வழியில் போகும்போது ஒன்று சொல்ல மறக்காதீர்கள். இந்நாட்டில் ரப்பரை வாணிகப் பயிராக முதன்முதலில் நட்டவர் தான் சே யான் என்னும் மலாக்காச் சீனர், ஆண்டு 1896, இடம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங். அங்கிருந்துதான் நம் தாத்தா பாட்டிமாரின் பால்வாளிக் கதை தொடங்குகிறது. துணி மூட்டையோடு வந்தவர்களும் வெறுங்கையோடு வந்தவர்களும் ஒரே கடல் வழியாகத்தான் வந்தார்கள்.

கடைசியாக ஒரு முக்கியமான விவரம். மலாக்காக் கரை ஆழமில்லாதது. நீர் வற்றினால் வெகுதூரம் சேறாகிவிடும். ஆகவே புறப்படுமுன் கடல் ஏற்ற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, நீர் ஏறும் வேளையில் கரைக்குப் போங்கள். நீந்தத் தெரியாத பிள்ளை முழங்காலுக்கு மேல் இறங்கக்கூடாது. பெரியவர் ஒருவர் கரையிலேயே நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். வேனில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருங்கள். ஏறுமுன் கால் மணலைக் கழுவாவிட்டால் வேன்காரரிடம் வீடு வரும்வரை பேச்சுக் கேட்க வேண்டியிருக்கும்.